நல்லூரில் ஒரு பெயர் பார்க்கும் நிலையமும் ‘ஆரவ்’ என்ற பெயரும்

எங்கள் மகன் பிறந்த 20ஆம் நாள், மாமாவும் நானும் யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இயங்கும் பெயர் பார்க்கும் நிலையத்துக்குச் சென்றோம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று பெயர் வைக்க வேண்டியிருந்தது. பிறப்பைப் பதிவதற்கும் 42 நாள்தான் தவணை. பெயர் பார்க்கும் கட்டணம் 3,000 ரூபாய். நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

முதலில் நிறைவு தந்ததைச் சொல்ல வேண்டும். பிறந்த நேரத்தைக் கேட்ட நிலையத்தார், வீட்டில் பின்பற்றுவது வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் கேட்டு உறுதி செய்த பின்னரே கணிக்கத் தொடங்கினார். இரண்டிலும் நட்சத்திரம் மாறும் நேரம் வேறுபடக்கூடும் என்பதால், பாதத்தின் விளிம்பில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கேள்வி இன்றியமையாதது. மகனுக்குக் கார்த்திகை முதற்பாதம். அதற்குரிய பெயரின் முதலெழுத்து அகரம், நெடிலான ஆகாரமும் பொருந்தும் என்று விளக்கினார். இவ்வளவும் பொறுமையாக நடந்தது.

அச்சிட்ட பட்டியலில் முதலாவதாக நின்ற பெயர் ஆரவ். “இப்ப எல்லாரும் விரும்பி வைக்கிற பேர், அமைதியானவன் எண்டு கருத்து” என்றார். என் குறை இங்கேதான் தொடங்குகிறது. வடமொழியில் ஆரவம் என்பது ஒலியையும் கூச்சலையும் குறிக்கும் சொல். தமிழ் அகராதியிலும் அதற்கு ஒலி என்றே பொருள். பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் ‘அமைதி’ என்று அச்சாகியிருப்பது உண்மைதான். ஆனால் பணம் பெற்றுக்கொண்டு பெயர் சொல்பவர் அகராதியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகும் சொல் அல்லவா?

இந்தப் பெயர் இவ்வளவு பரவியதற்குக் காரணங்கள் உண்டு. இந்தி நடிகர் அக்சய் குமார் 2002இல் பிறந்த தம் மகனுக்கு வைத்த பெயர் இது. 2017இல் தமிழ் பிக் பாஸ் முதற்பருவத்தில் வென்றவரின் பெயரும் இதுவே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் எளிதாக உச்சரிக்கக்கூடிய குறுகிய பெயரை நாடும் குடும்பங்களுக்கு இது வசதியாக அமைந்துவிட்டது. எங்கள் தெரு முன்பள்ளியில் மட்டும் மூன்று ஆரவ்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயர் அலை வந்துதான் இருக்கிறது: பாட்டனார் காலத்தில் கந்தையா, செல்லையா, சின்னத்தம்பி, அப்பாமார் காலத்தில் நாதன், லிங்கம், ராசா என்று முடிந்தவை, என் வகுப்பில் ரூபன்களும் காந்தன்களும் சீலன்களும். ஆனால் அவையெல்லாம் எங்கள் வாயில் இயல்பாக நின்றன. தமிழில் வகர மெய்யில் முடியும் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என நான்கே என்று இலக்கணம் சொல்கிறது. அதனால்தான் அம்மம்மா இந்தப் பெயரை ‘ஆரவு’ என்கிறார்.

னகரம் சேர்த்து ‘ஆரவன்’ என்று வைக்கலாமா என்று கேட்டேன். எண்சோதிடப்படி ஆங்கில எழுத்துகளில் ஏ 1, ஆர் 2, வி 6, என் 5 என்று கூட்டி, தொடக்கத்தில் இரண்டு ஏ வைத்தால் 17 வரும், ஒன்றும் ஏழும் கூடினால் எட்டாம் எண், வேண்டாம் என்றார். எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. யார் என்பதை ஆர் என்று சொல்லும் எங்கள் ஊரில் ‘ஆரவன்?’ என்றால் ‘யார் அவன்?’ என்றே கேட்கும். சொந்த வீட்டு முற்றத்திலேயே பிள்ளையை அந்நியனாக விசாரிப்பது போன்ற பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து பெயர் பார்ப்பவருக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும். பட்டியல் வேறெங்கோ தொகுக்கப்பட்டது என்பது அப்போது தெளிவாகியது.

அதுவரை பேசாதிருந்த மாமா, “ஆரூரன் எண்டு வைப்பமே” என்றார். சுந்தரமூர்த்தி நாயனாரின் பெயர், ஆகாரத்தில் தொடங்குகிறது, படலையில் நின்று உரத்துக் கூப்பிடவும் நன்றாக இருக்கிறது. பட்டியலில் இல்லாத பெயர் என்று நிலையத்தார் முகம் சுளிக்கவில்லை. மேலதிகக் கட்டணம் வாங்காமல், தொடக்கத்தில் இரண்டு ஏயும் நடுவில் ஒரு யூவும் வைத்துக் கூட்டினால் 18, அதாவது ஒன்பது என்று கணித்து, பதிவுக்குரிய எழுத்துக்கூட்டலையும் தெளிவாக எழுதித் தந்தார்.

நட்சத்திர எழுத்துக்கும் எண் கணிப்புக்கும் இந்த நிலையத்தை நம்பிச் செல்லலாம். பெயரையும் பொருளையும் வீட்டிலிருந்தே தேடிக்கொண்டு போவது நல்லது. எங்களுக்குத் தந்த சான்றிதழில் ‘பொருள்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ‘திருவாரூருக்கு உரியவன்’ என்று மாமாவே தம் கையால் எழுதினார்.