கீரவாணி பழக மாண்டலினா, யுகுலேலேயா?

மேற்கத்திய இசைக்காரர் ஹார்மோனிக் மைனர் என்று பழகும் சுர வரிசை நமக்கு 21ஆவது மேளகர்த்தாவான, அதாவது தாய் ராகமான, கீரவாணி. சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். இதைச் சின்ன வாத்தியம் ஒன்றில் பழக ஆசைப்பட்டால் மாண்டலினும் யுகுலேலேயும்தான் முதலில் நினைவுக்கு வரும். வீட்டில் அண்ணாவின் மாண்டலின் இருந்தது. அதில் கொஞ்சக் காலம் தட்டிப் பார்த்துவிட்டு, போன மாரிக்கு முன் ஒரு சொப்ரானோ யுகுலேலே வாங்கினேன். இப்போது கையில் இருப்பது அதுதான், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

அளவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. யுகுலேலேயில் கம்பி நீளம் 13 அங்குலம், மாண்டலினில் 14 அளவில். கீரவாணியில் தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு மூன்று ஃபிரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு, எட்ட வேண்டும். முதலாவதிலிருந்து நாலாவதுக்கு விரலை விரித்தால் கிற்றாரில் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர், இவை இரண்டிலும் 5தான். சின்ன விரல்காரருக்கு இரண்டுமே சுகம்.

பாடம் என்று பார்த்தால் மாண்டலின் முந்துகிறது. இரண்டு கட்டை சுருதியை, அதாவது டி-யை, ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளுங்கள். மாண்டலினின் ஜி, டி, ஏ, ஈ கம்பிகள் வயலினில் உள்ள அதே ஒழுங்கு. டி கம்பியில் 0, 2, 3, 5 (எண் ஃபிரெட்டைக் குறிக்கும், 0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி), அடுத்து ஏ கம்பியில் 0, 1, 4, 5. மேல் ஷட்ஜமம் வந்துவிட்டது. இதே எண்களை ஒரு கம்பி தள்ளி ஜி, டி கம்பிகளிலோ ஏ, ஈ கம்பிகளிலோ வாசித்தால் வேறு சுருதியில் அதே கீரவாணி. யுகுலேலேயின் கம்பிகள் ஜி, சி, ஈ, ஏ. அதில் சி கம்பியில் 2, ஈ கம்பியில் 0, 1, 3, ஏ கம்பியில் 0, 1, 4, 5. சுருதி மாறினால் விரல் கணக்கும் மாறும், திரும்பவும் பழக வேண்டும். வீட்டில் வயலின் பழகிய ஒருவர் இருந்தால் யோசிக்காமல் மாண்டலினையே எடுக்கலாம்.

யுகுலேலேயில் எனக்குப் பிடித்த இடம் கோர்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. ஏ செவன் என்ற கோர்ட்டைப் பிடிக்க சி கம்பியின் முதல் ஃபிரெட்டில் ஒரு விரல் போதும். அந்த விரல் நிற்பது காகலி நிஷாதத்தில். அங்கிருந்து டி மைனருக்குப் போனால் அதே கம்பியில் ஒரு ஃபிரெட் நகர்ந்து ஷட்ஜமத்தில் அமரும். மைனரில் நிஷாதத்தை ஏன் அரைச் சுரம் உயர்த்தினார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை, காது பிடித்துக்கொள்ளும்.

சரி, மாண்டலினை ஏன் விட்டேன்? கம்பியால்தான். திருகோணமலைப் பட்டினத்தில் எந்த வீட்டுக்கும் கடல் தூரமில்லை. யன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறிக் கூடு எல்லாம் படும் பாடு இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாண்டலினில் எட்டு உருக்குக் கம்பிகள், ஒரே சுருதியில் இரண்டிரண்டாக நாலு சோடி. வாடை வீசும் மாதங்களில் மெல்லிய ஈ சோடி முதலில் துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பியில் விரல் சறுக்காது, நுனி கீறும். அதைக்கூடப் பொறுக்கலாம். சோடியில் ஒன்று துருவேறி மற்றது நன்றாக இருந்தால், திறந்த கம்பியாகச் சுருதி சேர்த்தாலும் ஃபிரெட்டில் அழுத்தும்போது இரண்டும் விலகும். கீரவாணியில் பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் இடையே அரைச் சுரம், நிஷாதத்துக்கும் ஷட்ஜமத்துக்கும் இடையேயும் அரைச் சுரம். சுருதி கொஞ்சம் விலகினாலும் அந்த இடங்களில்தான் முதலில் காதில் குத்தும்.

அதனால் ஒன்று போனால் சோடியையே மாற்ற வேண்டும். மாண்டலின் கம்பியின் முனையில் வளையம் இருக்கும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் கிற்றார் கம்பி. அதன் முனையிலுள்ள பித்தளை மணியைக் குறட்டால் எடுத்துவிட்டால் வளையமாகிவிடும், சமாளிக்கலாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தால் கம்பி கூடுதல் காலம் உழைக்கும். ஒழுங்காகத் துடைப்பவர்களுக்கு என் புகாரில் பாதி பொருந்தாது.

யுகுலேலேக்கு நாலே கம்பி, அதுவும் நைலோன். துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் புதுக் கம்பி இழுபடும், முதல் சில நாட்கள் வாசிக்கும் நேரத்தைவிடச் சுருதி சேர்க்கும் நேரம்தான் கூட. கச்சான் காற்று அடிக்கும்போதும் சுருதி நகரும். சுருதி முறுக்கிகள் இரும்பு, அவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வேண்டும். இன்னொன்று: முழுப் பலகையில் செய்ததைவிட ஒட்டுப் பலகையில் செய்தது ஈரத்தையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஒலி கொஞ்சம் மட்டு, நம் ஊருக்கு அது போதும்.

கமகத்தைப் பற்றி நான் பேசக்கூடாது, நேர்ச்சுரமும் சின்ன இழுப்பும்தான் எனக்கு வரும். கர்நாடக இசையை மாண்டலினில் வாசித்துக் காட்டிய யு. ஸ்ரீநிவாஸ்கூட எடுத்தது மின்சார மாண்டலின், அதில் சோடிக் கம்பி கிடையாது. எட்டுக் கம்பி மாண்டலினை வாங்கிக்கொண்டு அந்த ஒலியைத் தேடினால் கிடைக்காது.

யுகுலேலேயில் ஒரு பெரிய குறை உண்டு. அதன் ஜி கம்பி உயர்ந்த ஒலி, மிகத் தாழ்ந்தது சி கம்பிதான். அதனால் ஷட்ஜமத்துக்குக் கீழே நிஷாதம் மட்டும்தான் கிடைக்கும், மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்ச் சுரங்கள், இல்லாமல் ராகம் மூச்சுவிடாது. தாழ்ந்த ஜி கம்பி மாட்டினால் அதில் இரண்டாம் ஃபிரெட்டில் பஞ்சமம், மூன்றில் தைவதம் என்று கீழே இறங்கலாம். வாங்கும்போது உலோகம் சுற்றிய கம்பியைத் தவிர்த்து, சுற்றாத புளோரோகார்பன் கம்பியாகக் கேளுங்கள். நான் அதை மாட்டி அதிக நாளாகவில்லை, இன்னும் ஒரு மாரியைக் காணவில்லை.