வீட்டுக்கு வந்து எடுக்கும் ‘கோவிட் பேக்கேஜ்’: மூன்று உடல்களுக்கு ஒரே அளவுகோல்

2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் வீட்டில் மூவருக்குத் தொற்று உறுதியானது. ஒருவர் 72 வயதான, நெடுநாள் சர்க்கரை நோயாளியான அப்பா. அடுத்தவள் எட்டாம் மாதக் கர்ப்பிணியான தங்கை. மூன்றாவது 44 வயதான நான். மதுரையில் ஒரு தனியார் ஆய்வகத்தின் ‘கோவிட் பேக்கேஜ்’ பரிசோதனையை ஆளுக்கு 2,400 ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டோம். முழு இரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர், திசுச் சேதத்தைக் காட்டும் எல்.டி.எச். ஆகிய ஐந்தும் அதில் அடங்கும்.

சேவையில் குறை சொல்ல இடமில்லை. இரத்தம் எடுக்க வந்த இளைஞர் அந்த வெயிலில் முழுக் கவச உடையோடு சொன்ன நேரத்துக்கு வந்தார். அப்பாவின் சுருங்கிய நரம்பை முதல் குத்தலிலேயே பிடித்தார். அன்று மாலையே அறிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. சிக்கல் அந்த அறிக்கைகளில்தான் இருந்தது.

டி-டைமரைப் பார்ப்போம். மூவருக்கும் ‘500-க்குக் கீழ்’ என்ற ஒரே வரம்பு அச்சிடப்பட்டிருந்தது. அப்பாவுக்கு 680, தங்கைக்கு 1,400. இரண்டும் சிவப்பு எழுத்தில். இரத்தம் உறைந்து கட்டியாகிக் கரைவதன் எச்சத்தைக் காட்டும் இந்த அளவு வயதோடு ஏறக்கூடியது. உறைகட்டி இல்லை என்று உறுதிப்படுத்தும் சோதனையில், ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்ளும் வழக்கம் மருத்துவர்களிடம் உண்டு; அந்தக் கணக்கில் அப்பாவின் வரம்பு 720. கோவிட்டுக்கென்று வகுத்த கணக்கு அல்ல அது என்றாலும், 680 என்ற எண்ணைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். கர்ப்பத்திலோ தொற்று எதுவும் இல்லாமலே, மாதம் ஏற ஏற டி-டைமர் ஏறும், வெள்ளணுக்களும் கூடும். தங்கையின் 12,600 வெள்ளணுக்களும் சிவப்பில்தான் இருந்தன. வூகானில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 191 பேரை ஆராய்ந்து 2020 மார்ச்சில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கட்டுரை, டி-டைமர் 1,000-ஐத் தாண்டியவர்களிடம் இறப்பு மிகுதி என்று காட்டியிருந்தது. அந்த எண் மட்டும் பிய்ந்து வந்து எங்கள் உறவினர் குழுவில் சுற்றிக்கொண்டிருந்ததால், தங்கை அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் அவளுடைய மகப்பேறு மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, உறைகட்டியின் அறிகுறிகளான மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.

என்னுடைய அறிக்கை இதற்கு நேர்மாறானது: ஃபெரிட்டின் 58, ‘இயல்பு’. பல ஆண்டுகளாக இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள எனக்கு, நான்கு மாதம் முன்பு எடுத்தபோது அது 9. அழற்சியில் ஃபெரிட்டின் உயரும் என்பதால், என்னைப் பொறுத்தவரை 58 என்பது ஒரு ஏற்றம். கறுப்பு எழுத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த அளவு இயல்பாகவே குறைவு என்பதும், இரத்தசோகை மலிந்த நாடு நம்முடையது என்பதும் ஆய்வகத்துக்குத் தெரியாத செய்தி அல்ல.

ஆறு நாள் கழித்து அப்பாவின் ஆக்சிஜன் 93-க்கு இறங்க, மருத்துவர் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தார். அதற்குப் பின் எடுத்த இரண்டாவது அறிக்கையில் சி.ஆர்.பி. 62-இலிருந்து 18-க்குக் குறைந்திருந்தது. ஆனால் வெள்ளணுக்கள் 13,400; அவற்றில் நியூட்ரோபில் வகை 88 விழுக்காடு, லிம்போசைட் வகை 8 விழுக்காடு. லிம்போசைட் சரிவது கடுமையான கோவிட்டின் அடையாளம்தான். அதே மாற்றத்தை ஸ்டீராய்டும் உண்டாக்கும். எது எதனால் என்று பிரித்தறிய, மாத்திரை தொடங்கிய நாள் தெரிய வேண்டும். ஆய்வகத்தின் படிவத்தில் பெயர், வயது, பாலினம், கைபேசி எண் ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. உண்ணும் மருந்து, கர்ப்பம், சர்க்கரை, சிறுநீரக நோய், காய்ச்சல் தொடங்கிய நாள் ஆகியவற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, பேக்கேஜில் சர்க்கரை அளவு சேர்க்கப்படாததே. ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். கட்டுப்படாத சர்க்கரையைத்தான் கருப்புப் பூஞ்சை தேடி வரும். தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய, அதாவது கண்டதும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய, நோய்களின் பட்டியலில் சேர்த்ததும் அதே மே மாதத்தில்தான். வீட்டிலிருந்த குளுக்கோமீட்டர் அப்பாவுக்கு 340 காட்டியிராவிட்டால், 2,400 ரூபாய் அறிக்கையிலிருந்து அது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அரசின் அப்போதைய வழிகாட்டுதல், மிதமான பாதிப்புள்ளவர்களுக்கே சி.ஆர்.பி., டி-டைமர் சோதனைகளை 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிந்துரைத்தது. அதன்படி பார்த்தால் எனக்கு எடுத்த சோதனை தேவையே இல்லை. தங்கைக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகு எடுத்திருக்கலாம். இரத்தம் எடுத்த கைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருவேன், அறிக்கைக்கு இரண்டு. இதே பேக்கேஜை வாங்குவோர், பழைய அறிக்கைகளையும் மாத்திரைச் சீட்டையும் சேர்த்தே மருத்துவருக்கு அனுப்புங்கள். டி-டைமர் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எஃப்.இ.யு. என்று இருக்கிறதா, டி.டி.யு. என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே இரத்தம் முதல் அலகில் ஏறக்குறைய இரு மடங்கு எண்ணைக் காட்டும். வேறு ஆய்வகத்துக்கு மாறினால் நோய் பாதியாகக் குறைந்ததுபோலத் தோன்றிவிடும்.