ரெனோட்: இன்டரப்டை நினைத்த இடத்தில் வரவழைக்கும் மென்பொருள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் சென்சார் பலகைகளுக்கு நிரல் எழுதும் எங்கள் குழுவில், இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்தும் குறுக்கீடு) சோதனை என்றால் சிம் லிம் டவரில் வாங்கிய பொத்தானைப் பலகையில் இணைத்து மீண்டும் மீண்டும் அழுத்துவதுதான் வழக்கம். அந்த இன்டரப்ட் எந்தக் கட்டளைக்கு நடுவே வந்து விழும் என்பது யார் கையிலும் இல்லை. போலந்தின் ஆன்ட்மைக்ரோ நிறுவனம் எம்ஐடி திறமூல உரிமத்தில் வழங்கும், பலகையைக் கணினியிலேயே உருவகப்படுத்தும் ரெனோட், ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல், இந்தக் குறையைத் தீர்க்கிறது.

யூஆர்ட் (தொடர் தகவல் தொடர்புப் பகுதி) வழியாக வரும் பைட்டை ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்பகுதி) ரிங் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் போட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. நிரலின் முதன்மைச் சுழற்சியான மெயின் லூப் அதை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்ட்டெக்ஸ்-எம்4 செயலியில் அந்தக் கழித்தல், நினைவகத்திலிருந்து படிப்பது, கழிப்பது, திரும்ப எழுதுவது என மூன்று கட்டளைகளாகப் பிரிகிறது. படித்த பிறகு, எழுதுவதற்கு முன் ஐஎஸ்ஆர் புகுந்துவிட்டால், அது கூட்டிய ஒன்று காணாமல் போய்விடும். பொத்தானை நாள் முழுவதும் அழுத்தினாலும் சிக்காத இந்தப் பிழையை, ரெனோடில் ஜிடிபி என்ற பிழைதிருத்தி மூலம் எழுதும் கட்டளையின் முகவரியிலேயே செயலியை நிறுத்தி, ரெனோடின் கட்டளைச் சாளரமான மானிட்டரில் ரைட்சார் ஆணையால் யூஆர்டுக்கு ஒரு பைட்டை அனுப்பி ஓடவிட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். செயலி நிற்கும்போது மெய்நிகர் நேரமும் நின்றுவிடுவதால், டைமர்கள் தம் போக்கில் ஓடிக் குழப்புவதில்லை. தானியங்கிச் சோதனைக் கருவியான ரோபாட் ஃபிரேம்வொர்க்கின் ஆதரவும் உடன் வருவதால், இத்தகைய சோதனைகளைப் பலகையே இல்லாமல் ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரல் மாற்றப் பதிவுக்கும்) ஓட்ட முடிகிறது.

நேரத்தை அளக்க மட்டும் இதை நம்பக் கூடாது. காத்திருப்பில்லாத நினைவகம் இருந்தால் எம்4 செயலி 12 கடிகாரச் சைக்கிள்களில் ஐஎஸ்ஆருக்குள் நுழைகிறது. ரெனோடோ கட்டளைகளின் எண்ணிக்கையைக் கொண்டே நேரத்தை நகர்த்துவதால், அந்தத் தாமதத்தை அறிய ஆஸிலாஸ்கோப்பைத்தான் நாட வேண்டும். பொத்தானின் துள்ளலும் (ஒருமுறை அழுத்தினாலே தொடர்பு பலமுறை இணைந்து பிரிவது) இதில் தானாக வராது; மானிட்டரில் அழுத்தும் பொத்தான் மிகவும் ஒழுக்கமானது! கியூஎமு என்ற மற்றொரு உருவகப்படுத்தியும் நல்ல கருவிதான் என்றாலும், மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளுக்கு அதன் ஆதரவு குறுகியது.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர், எஸ்டிஎம்32எஃப்4 டிஸ்கவரி பலகைக்கான ஆயத்த மாதிரியை வைத்து விரைவிலேயே பழகிக்கொண்டார். உங்கள் சிப்புக்கு அப்படியொரு மாதிரி இல்லையென்றால், விடுபட்ட பாகங்களைச் சி ஷார்ப்பிலோ பைத்தானிலோ நீங்களே எழுத வேண்டியிருக்கும். அதற்கான நாள்களைத் திட்டத்திலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.