ஆங்கிலப் பிழைதிருத்தும் செயலியுடன் ஓராண்டு

பிறர் எழுதிய ஆங்கில அறிக்கைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். ஒரே பிழையை ஒரே நாளில் இருபது முறை பார்த்தால் எவருக்கும் எரிச்சல் மூளும். அந்த வேலையைக் கருவியிடம் தள்ளிவிடலாம் என்ற ஆசையில்தான், எழுத எழுத அடிக்கோடிட்டுத் திருத்தம் சொல்லும் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். இப்போது அதைப் புதுப்பிக்கும் நாள் வந்திருக்கிறது.

செயலிக்கு உரிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 'செய்திருக்கலாம்' என்பது போன்ற பொருளில் 'குட் ஹேவ்' (could have) என்று வர வேண்டிய இடத்தில் 'குட் ஆஃப்' (could of) என்று எழுதுவதை அது ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. விரைவான பேச்சில் அழுத்தம் இழந்த 'ஹேவ்', 'அவ்' என்று தேய்ந்துபோகிறது; 'ஆஃப்' என்ற சொல்லும் தேய்ந்தால் அதே 'அவ்'தான். அதனால் இது இலக்கணம் அறியாதவரின் பிழை என்பதைவிட, காதை நம்பியவரின் பிழை என்பதே பொருத்தம். எழுவாய்க்கும் வினைக்கும் ஒருமை பன்மை ஒத்துவராத இடங்களையும் செயலி சரியாகப் பிடித்தது. 'அதனுடைய' என்று பொருள்படும் 'இட்ஸ்' அபாஸ்ட்ரஃபி இல்லாதது, 'அது இருக்கிறது' என்று பொருள்படும் 'இட்ஸ்' அபாஸ்ட்ரஃபி உடையது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள், காதுக்கும் அப்படித்தான். இந்த இரண்டையும் செயலி பெரும்பாலும் குழப்பிக்கொள்ளவில்லை.

தவறாகக் காதில் விழுந்த தொடர்களில்தான் அது தடுமாறுகிறது. கோட்டில் கால்விரலை வைத்து நிற்பதுபோல விதிக்கு அடங்கி நடப்பதை ஆங்கிலத்தில் 'டோ த லைன்' என்பார்கள். அந்த 'டோ'வுக்குப் பதிலாக, பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் 'டோ'வை எழுதுபவர்கள் ஏராளம். என்னிடம் வந்த ஓர் அறிக்கையில் ஊழியர்கள் அனைவரும் அப்படித்தான் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். செயலி அதைக் கண்டுகொள்ளாமல், அதே வாக்கியத்தில் இருந்த 'வெரி' என்ற சொல்லை நீக்கச் சொன்னது. ஆழப் பதிந்தது என்ற பொருள் தரும் 'டீப் சீட்டட்', ஆழ விதைத்தது என்று மாறி 'டீப் சீடட்' ஆனபோதும் அதற்கு உறைக்கவில்லை. இரண்டுமே எழுத்துப் பிழையற்ற சொற்கள், இரண்டுமே ஒருவாறு பொருள் தருகின்றன என்னும்போது அது எதைப் பிடித்துக்கொண்டு சந்தேகப்படும்?

இந்த வகைப் பிழைக்கு 'எக்கார்ன்' என்று பெயர். ஓக் மரத்தின் கொட்டையான 'ஏகார்ன்' ஒரு பெண்ணின் காதில் 'எக் கார்ன்' என்று விழுந்ததைப் பற்றி மொழியியலாளர் மார்க் லிபர்மேன் 2003இல் எழுதியபோது, அதையே இவ்வகைப் பிழைகளுக்குப் பெயராக்கலாம் என்று இன்னொரு மொழியியலாளரான ஜெஃப்ரி புல்லம் யோசனை சொன்னார். சில எக்கார்ன்கள் மூலத்தைவிட வெளிப்படையாகப் பொருள் தருவதுதான் சங்கடம். பழியைச் சுமப்பவரைக் குறிக்கும் 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லைத் தப்பியோடும் ஆடாக்கி 'எஸ்கேப் கோட்' என்று எழுதுவோரைப் பார்த்து நானும் சிரித்ததுண்டு. ஆனால் வில்லியம் டிண்டேல் 1530இல் தம் விவிலிய மொழிபெயர்ப்புக்காக அச்சொல்லை உருவாக்கியபோது, தப்பிச் செல்லும் ஆடு என்றே பொருள் கொண்டார். அதை அறிந்தபின் அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன், திருத்துவதை நிறுத்தவில்லை.

பிழையல்லாததைப் பிழையென்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. '5 மைலுக்கும் குறைவு' என்பதற்கு எழுதப்பட்டிருந்த 'லெஸ்' என்ற சொல்லை நீக்கி 'ஃபியூவர்' என்று போடச் சொன்னது. எண்ணக் கூடியவற்றுக்கு 'ஃபியூவர்' என்ற பள்ளிக்கூட விதியை அது அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறது. தொலைவை ஐந்து தனித்தனிப் பொருள்களாக அல்லாமல் ஒரே அளவாகவே ஆங்கிலம் கருதுகிறது என்பது அதற்குத் தெரியவில்லை. அந்த விதியும் தொன்றுதொட்டு வந்ததல்ல. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், 'ஃபியூவர்' இன்னும் நன்றாக இருக்கும் என்று தம் விருப்பமாகச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். செயலியோ அந்தச் சட்டத்துக்குச் சிவப்புக் கோடும் போட்டு வைத்திருக்கிறது.

வேகத்தில் குறையில்லை. நடை பற்றிய பரிந்துரைகள் தேவையற்றவை என்பதால் முதல் மாதமே அவற்றை அணைத்துவிட்டேன்.

சொந்த அகராதி என்று ஒரு வசதி உண்டு. என் பெரிய ஏமாற்றம் அதுதான். ஒரு சொல்லைச் 'சரி' என்று அதில் சேர்க்கலாமே தவிர, ஒரு தொடரைத் 'தவறு' என்று சேர்க்க வழியில்லை. அந்த வழி மட்டும் இருந்திருந்தால் நான் தொகுத்து வைத்திருக்கும் எக்கார்ன்களை ஒரே மாலையில் அதற்குக் கற்றுக்கொடுத்திருப்பேன். வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை எழுதினேன். பரிசீலிப்பதாக இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. ஆகவே ஓராண்டுச் சந்தாவைக் கைவிட்டு, வேலை நெருக்கும் மாதங்களுக்கு மட்டும் மாதச் சந்தா கட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அவற்றில் ஒன்று முழுக்க 'குட் ஆஃப்'புக்காக.