எம்ஜிபி காரின் ஸ்டீரிங்: பழைய ரேக்கைப் புதுப்பிப்பதா, புதியது வாங்குவதா, மின்விசைக்கு மாறுவதா?

1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கி, 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரான எம்ஜிபி, பழைய விளையாட்டுக் கார்களுள் உதிரிபாகத் தட்டுப்பாடு மிகக் குறைந்த ஒன்று. ஆகவே, அதன் ஸ்டீரிங் தளர்ந்துபோனால் பினாங்கில் அதை வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்டீரிங்கின் திருப்பத்தைப் பல் வெட்டிய கம்பி ஒன்றால் முன்சக்கரங்களுக்குக் கடத்தும் அமைப்பே ரேக்; காரோடு வந்த அந்த ரேக்கையே பிரித்துப் புதுப்பிக்கலாம். மறுதயாரிப்பாகக் கிடைக்கும் புதிய ரேக்கைப் பொருத்தலாம். மின்மோட்டார் துணையோடு இயங்கும் ஸ்டீரிங்கிற்கு மாறலாம். 1974 வரை வந்த குரோம் பம்பர் கார்களை மனத்தில் வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன். ரேக்கின் பற்கள் நல்ல நிலையில் இருக்கும் வரை முதல் வழியே சிறந்தது என்பது என் முடிவு.

எந்த வழியையும் தேர்வதற்கு முன், குறை உண்மையில் ரேக்கில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்தக் காரின் முன்சக்கரங்கள் கிங்பின்கள் எனும் செங்குத்து அச்சுகளின் மீது திரும்புகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உள்ளன. அவற்றை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டிருந்தால், ரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்டீரிங் கனத்துத்தான் இருக்கும். முன்பகுதியை ஜாக்கில் ஏற்றி, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான டை ராட் எண்டுகளை இரு பக்கமும் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தனியாகவும் ஸ்டீரிங்கைத் தனியாகவும் கையால் திருப்பிப் பார்த்தால் இறுக்கம் எங்கே என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்யாமலே ரேக்கைக் குற்றம் சாட்டிப் புதியதற்குப் பணம் அனுப்புவது வீண்செலவு.

குறை ரேக்கில்தான் என்று உறுதியானால், அதன் தேய்மானம் எப்படிப்பட்டது என்பதே அடுத்த கேள்வி. கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் பல் வெட்டிய கம்பியின் நடுப்பகுதி மட்டும் அதிகம் தேய்கிறது. இரு ஓரங்களும் ஏறக்குறைய புதியதைப் போலவே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்குவதற்காக, ஸ்டீரிங்கோடு சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனோடு கம்பியை அழுத்திப் பிடிக்கும் டேம்பரின் ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடுகளைக் குறைத்தால், ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும்போது அதே அழுத்தம் தேயாத பற்களின் மேல் விழுந்து இறுக்கிப் பிடிக்கிறது. நடுவில் ஆட்டமும் ஓரத்தில் இறுக்கமும் இல்லாத ஓர் அளவு ஷிம் தகடுகளால் கிடைக்கிறது என்றால், அந்த ரேக்கைத் தயங்காமல் புதுப்பிக்கலாம். கிடைக்கவில்லை என்றாலோ, பல்லின் முகத்தில் துரு குழி விழுந்திருந்தாலோ அந்தக் கம்பிக்கு மறுவாழ்வு இல்லை. அதன் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. குழியை அராவி நீக்க முயன்றால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளிப்பட்டு, முன்னைவிட விரைவாகத் தேயும்.

புதுப்பிப்பு வேலைக்கு நம் ஊர் ஏற்ற இடம். 1970-களில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் அமைந்ததிலிருந்து, தீவிலும் எதிர்க்கரையில் உள்ள பிறையிலும் நுட்ப அளவில் கடைசல் வேலை செய்யும் பட்டறைகள் பெருகியுள்ளன. குழாயின் மறுமுனையில் கம்பியைத் தாங்கும் வளையமான புஷ்ஷை அளவெடுத்துக் கடைந்து தருவது அவர்களுக்குப் பெரிய வேலையன்று. ரேக் எண்டுகளின், அதாவது கம்பியின் இரு முனை இணைப்புகளின், பூட்டு நட்டுகளை மட்டும் புதியதாக வாங்கியாக வேண்டும். அவற்றின் விளிம்பு உளியால் தட்டி மடக்கிப் பூட்டப்படுவதால், ஒருமுறை திறந்தவற்றை நம்பி மீண்டும் போடக்கூடாது. உள்ளே ஊற்ற வேண்டியது 90 தடிப்பு கியர் எண்ணெய்தான். பல பட்டறைகளில் வழக்கத்தை ஒட்டி கிரீஸ் அடைத்துவிடுகிறார்கள். ரேக் இடமும் வலமும் ஓடும்போது அந்தக் கிரீஸ் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு அங்கேயே தங்கிவிடும். பினியனுக்குத் திரும்பி வராது. எண்ணெயோ தானாக வழிந்து மீண்டும் நடுவுக்கு வந்து சேர்கிறது. புதுப்பித்த ரேக் பத்தாண்டு உழைக்குமா, இரண்டாண்டில் படுக்குமா என்பதை இந்தச் சிறிய விவரம் பெரிதும் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணெயைக் காப்பவை இரு பக்கமும் உள்ள, ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறைகள். புதிய ரேக்கைப் பற்றிய என் முதல் தயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. மறுதயாரிப்பு ரேக்குகளின் உலோகம் பெரும்பாலும் குறை சொல்ல முடியாதது. உடன் வரும் ரப்பரின் தரம் ஒரே சீராக இல்லை. பினாங்கின் வெப்பத்திலும் கடற்காற்றிலும் தரம் குறைந்த பூட் விரைவில் வெடித்து, எண்ணெய் வெளியேறி, மழைநீர் உள்ளே புகுந்துவிடும். டை ராட் எண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆனால் புதிய ரேக்கின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பற்கள் முழுமையானவை, நடுவுக்கும் ஓரத்துக்கும் வேறுபாடு இராது, காத்திருக்க வேண்டிய நாள்களும் குறைவு. ஆர்டர் கொடுக்கும்போது வலப்பக்க ஸ்டீரிங் என்பதோடு குரோம் பம்பர் கார் என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது ரேக்கும் அதைத் தாங்கும் குறுக்குச்சட்டமும் மாறின. பொருத்தும்போது பினியன் தண்டும் ஸ்டீரிங் தண்டும் அவற்றை இணைக்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்டில் சரியாக நேர்ப்படுமாறு, ரேக்கின் தாங்கிகளுக்கு அடியில் ஷிம் வைத்துச் சரிபார்ப்பதும் கட்டாயம். இதைத் தவிர்த்தால் புதிய ரேக்கும் ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் இலகுவாகவும் திரும்பும். பழைய ரேக்கைத் திருப்பி அனுப்பினால் விலை குறைத்துத் தரும் மாற்றுத் திட்டங்களும் உண்டு. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரோடு வந்த ரேக் கைவிட்டுப் போனால், பிறகு எந்த விலை கொடுத்தாலும் அதே ரேக் திரும்பி வராது.

மின்விசை ஸ்டீரிங் வேறொரு தேவைக்குரியது. தோள்வலி உள்ளவருக்கோ, ஜார்ஜ்டவுனின் குறுகிய சந்துகளில் அன்றாடம் காரை நிறுத்தி எடுப்பவருக்கோ அது பெரிய நிம்மதி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனினும், கனமான ஸ்டீரிங்குக்கு அகலமான டயர்களும் ஒரு காரணமாக இருக்கலாம். தொடக்கத்தில் மெல்லிய டயர்களோடு வந்த காருக்கு 185 மி.மீ. அகல டயர் போட்டுவிட்டு, அதனால் கூடிய கனத்தை மோட்டாரால் ஈடுகட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மின்சாரமும் ஒரு தடை. 1967-இன் இறுதிவரை வந்த கார்களில் மின்சாரம் தர இருந்தது டைனமோ; அதன் உச்ச வெளியீடு 22 ஆம்பியர் மட்டுமே. கார் நின்ற நிலையில் சக்கரத்தைத் திருப்பும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் அதைத் தாண்டும். அந்த வேளையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் டைனமோ தருவதோ இன்னும் குறைவு. ஆகவே கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாற வேண்டும். பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்ததாக, இருக்கும் வயரிங்கையும் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டீரிங்கில் தொடங்கிய மாற்றம் இவ்வாறு கார் முழுதும் பரவுகிறது. காரோடு வந்த ஸ்டீரிங் தண்டை வெட்டாமல், தனித் தண்டோடு வரும் தொகுப்பை மட்டுமே வாங்க வேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் விதிமுறையைக் கேட்டுத் தெளிவது நல்லது.

ஸ்டீரிங் வளையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1960-களின் கார்களில் மெல்லிய கம்பி ஆரங்களும் கறுப்பு நெகிழி விளிம்பும் கொண்ட பெரிய வளையம் இருந்தது. வெயிலில் அந்த நெகிழி சுருங்கி வெடிப்பது இயல்பு. வெடிப்பை வி வடிவில் அகலப்படுத்தி, எப்பாக்சி நிரப்பி, தேய்த்து, இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் சாயத்தைப் பூசினால் வெடிப்பு இருந்த இடமே தெரியாது. மரவிளிம்பு கொண்ட சிறிய வளையம் அழகானதுதான். ஆனால் 16 அங்குலத்திலிருந்து 14 அங்குலத்துக்கு இறங்கினால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். ஸ்டீரிங் கனக்கிறது என்பவர் சிறிய வளையத்தைத் தேர்வது முரண்பாடு.

எவ்வழியில் சென்றாலும் இறுதியில் முன்சக்கரங்களின் உள்நோக்கு அளவை (முன்புறம் அவை ஒன்றையொன்று நோக்கிச் சற்றே சாயும் அளவு) 1.5 முதல் 2.3 மி.மீ.க்குள் அமைக்க வேண்டும். பிறகு தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறி இறங்கும் சாலையில் நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம். அங்கே இரு பக்க வளைவுகளும் அடுத்தடுத்து வருவதால், வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்பது தெளிவாகத் தெரியும். திரும்பத் தயங்கினால் டேம்பரில் ஒரு மெல்லிய ஷிம்மைக் கூட்ட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பூட்டு நட்டுகளையும் ரப்பர் உறைகளின் கிளிப்புகளையும் மீண்டும் ஒருமுறை பார்ப்பது அவசியம்.