ஒடிந்த ஸ்டட்டுக்குப் பதில் எது: கம்பெனி சாமானா, பாரிஸ் கார்னர் போல்ட்டா, புதுப்பேட்டை பழசா?

இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் புகை கசிகிறது என்று கேஸ்கெட் மாற்றக் கோடம்பாக்கத்தில் வழக்கமான பட்டறைக்கு வண்டியை விட்டேன். கழற்றும்போது ஒரு 8 மிமீ ஸ்டட் (தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள போல்ட்) சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டிலேயே முன்னும் பின்னுமாகத் திருகி அழகாக வெளியே எடுத்துவிட்டார். அப்புறம், "அதே சைஸ்ல ஏதாவது ஒரு போல்ட் வாங்கிட்டு வாங்க சார், போட்டுடலாம்" என்றார். இதில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் சென்னை பாரிஸ் கார்னர் பக்கத்து ஹார்ட்வேர் கடை போல்ட். ஒரு டீ விலைகூட இருக்காது, உடனே கிடைக்கும், மட்டமும் கிடையாது, ஆனால் தலையில் எண் இருக்க வேண்டும். 8.8 என்று இருந்தால் அதன் இழுவைத் திறன், அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் அளவு, 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதம் வரை இழுபட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்று அர்த்தம். 10.9 என்றால் 1000, 90 சதவீதம். எண்ணே இல்லாத போல்ட்டை இன்ஜின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வாட்டர் பம்ப், டைமிங் கவர், பிராக்கெட் மாதிரி இடங்களில் பழையதன் தலையில் இருந்த அதே எண், அதே நீளத்தில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஒரே சிக்கல் மரை. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 10 மிமீ போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மரை (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.25 மிமீ இடைவெளி), கடையில் 10 மிமீ என்று மட்டும் கேட்டால் 1.5 மரையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கையால் இரண்டு சுற்று போகும், அப்புறம் பிடிக்கும், அழுக்குதான் என்று நினைத்து ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினிய ஹெட்டின் மரை மொத்தமாகப் போய்விடும். பிறகு துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை உள்ளே வைக்க வேண்டியதுதான். அதனால் பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

"12.9 போட்டால் இன்னும் ஸ்ட்ராங்குதானே" என்று கேட்பவர்கள் உண்டு. போல்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் அதைப் பிடித்திருப்பது அலுமினியம். பலம் இருக்கிறதே என்று கூடுதலாக இறுக்கினால் ஒடிவது போல்ட் இல்லை, பிய்ந்து வருவது ஹெட்டின் மரை. ஸ்டெயின்லெஸ் ஆசையும் வேண்டாம். துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் சாதாரண ஏ2-70 ரகத்தின் இழுவைத் திறன் 700தான், அதுவும் ஸ்டெயின்லெஸ் நட்டோடு சேர்ந்தால் மரை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். நம் ஊர் உப்புக்காற்றில் அலுமினியத்தோடு அது ஒட்டி இருந்தால் அரிப்பு அலுமினியத்துக்குத்தான்.

புதுப்பேட்டை பழைய சாமானை நான் ஒதுக்கிவிட மாட்டேன். விசித்திர நீளத்தில், பெரிய வாஷர் தலையோடு வரும் ஆல்டர்னேட்டர் போல்ட், கம்பெனியே இப்போது தராத வண்டியின் போல்ட் எல்லாம் வேறு எங்கே கிடைக்கும்? வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுத்துப் பகுதி இளைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஆனால் சிலிண்டர் ஹெட்டை இன்ஜினோடு பிடிக்கும் ஹெட் போல்ட்டும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டும் அங்கே வாங்கவே கூடாது. இன்றைய பல இன்ஜின்களில் ஹெட் போல்ட் இறுக்கும்போதே கொஞ்சம் நீண்டுகொடுக்கும் ரகம், ஒரு முறை நீண்டது நீண்டதுதான், அதைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது.

எக்ஸாஸ்ட் ஸ்டட் இருப்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் கடுமையாகச் சூடாகி ஆறுகிற இடம். அந்தச் சூட்டுக்கு என்ன உலோகம், என்ன பூச்சு என்று வண்டி செய்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள், கடை 8.8-க்கு அந்த வேலை தெரியாது. அதனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடையில் பார்ட் நம்பரைக் காட்டிக் கம்பெனி சாமானே கேட்டேன். இருப்பு இல்லை, வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள், சரி என்று வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை. மீதி ஸ்டட்டுகளும் இத்தனை வருடம் அதே சூட்டில் வெந்தவைதானே, நட்டோடு சேர்த்து முழு செட்டாகவே எடுத்துவரச் சொன்னேன்.