திருமலைச் சைக்கிள் கடையும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருக்கிற சைக்கிள் திருத்தும் கடை இது. போர்டில் பெயர் எப்போதோ அழிந்துவிட்டது, எல்லாருக்கும் அண்ணையின் கடைதான். ஜப்பானிலிருந்து வந்த பழைய ரேசிங் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். கியர் மாறாமல் கடகடத்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாளைக்கு வாங்கோ தம்பி" என்றார். அந்த நாளை வர ஒன்பது நாள் பிடித்தது. வேறு இரண்டு இடத்தில் புதுக் கியரே வாங்கச் சொல்லியிருந்தார்கள், அண்ணையோ கியர் பூட்டியிருக்கும் கொக்கி வளைந்திருப்பதைக் கண்டுபிடித்து நிமிர்த்தி, கேபிளும் மாற்றி 3500 ரூபாய்தான் எடுத்தார். அவசரம் என்றால் இங்கே போகாதீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத வந்தது ஞாயிறு ஓட்டத்தைப் பற்றி. காலை ஐந்தரைக்குக் கடையடியில் வெளிக்கிட்டு, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலம் வரை போய்த் திரும்புவது. காசில்லை, கடைசியாக வருகிறவன் எல்லாருக்கும் பிளேன்ரீயும் வாய்ப்பனும் வாங்க வேண்டும்.

முதல் வாரம் வாங்கியது நான். இரண்டாம் வாரம், எங்களில் ஆகப் பலமான பெடியன், வயது இருபத்திரண்டு. அவனை மடக்கியது ஐம்பது தாண்டிய அண்ணை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம், திரும்பி வரும்போது காற்று வலப்பக்கத்தால் அடிக்கும், அப்போது முன்னால் போகிறவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால்தான் காற்றுப் படாத ஒதுக்கு. அண்ணை ரோட்டின் இடது ஓரத்திலிருந்து சரியாக ஒரு சைக்கிள் அகலம் விட்டு ஓடினார். அந்த இடத்தில் அவருடைய கூட்டாளி, அடுத்தவனுக்கு மணல்தான் மிச்சம். அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறி முன்னால் வர, பெடியன் தனியாக முழுக் காற்றையும் வாங்கி சாம்பல்தீவுப் பாலத்தடியில் விட்டுவிட்டான். ஐரோப்பிய ரேஸ்களில் பக்கக் காற்று நாளில் ஒரு முழு டீமாகச் செய்கிற வேலைதான் இது.

ஜூலையில் கடை இரவிலும் திறந்திருக்கும். பிரான்சில் மூன்று வாரம் ஓடுகிற சைக்கிள் ரேஸான டூர் டி பிரான்ஸ் அன்றாடம் முடிய எங்களுக்கு ஒன்பது மணியாகும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டிவிக்கு முன்னால் சண்டை. பெடியன் ஸ்லோவேனியாக்காரன் பொகாச்சர் கட்சி: நாலு டூர் வென்றவனுக்கு என்ன தந்திரம், காலில் இருக்கு என்பான். அண்ணை உடனே 2022 டூரின் 11ஆம் கட்டத்தை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) எடுப்பார். கலிபியே மலையில் ஒரே டீமைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கெகோரும் மாறி மாறிப் பாய, பொகாச்சர் ஒவ்வொருவர் பின்னாலும் தானே ஓடினார். பிறகு கிரானோன் ஏற்றத்தில் கால் செத்து மூன்று நிமிடத்துக்குக் கிட்ட இழந்தார், மொத்த நேரத்தில் முன்னுக்கு நிற்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியும் விங்கெகோரிடம் போனது.

எனக்கு இதில் அண்ணையோடு பாதிதான் ஒத்துவரும். அந்தத் திட்டத்தை முடிக்க விங்கெகோரின் கால் வேண்டியிருந்தது, அதே திட்டத்தை என்னிடம் தந்தால் கலிபியே அடிவாரத்திலேயே பிளேன்ரீ கேட்டிருப்பேன். தந்திரம் என்று நான் ஒப்புக்கொள்வது டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ரேஸை. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற, அப்போது எந்தத் தொழில்முறை டீமிலும் இல்லாத ஆஸ்திரியாக்காரி அன்னா கீசன்ஹோஃபர் தொடங்கிய இடத்திலேயே பாய்ந்து போய்த் தங்கம் வென்றார். காதில் ரேடியோ இல்லாத ரேஸ், முன்னால் ஒருத்தி போவது பின்னால் சரியாகத் தெரியவில்லை. நெதர்லாந்தின் நாலு பெரிய வீராங்கனைகளும் பின்னால் இருந்தார்கள், அவர்களில் வான் வ்லூட்டன் இரண்டாவதாக வந்து, தான்தான் வென்றதாக நினைத்துக் கையைத் தூக்கினார்.

ஓட்டத்துக்கு வருவதென்றால் ஹெல்மெட்டும் மாற்று டியூபும் கொண்டு வாருங்கள், அண்ணையிடம் இரவல் கேட்டால் தருவார், ஆனால் வழி முழுக்கச் சொல்லிக் காட்டுவார். பின்னால் பஸ் ஹார்ன் கேட்டால் எந்தத் தந்திரமும் வேண்டாம், ஓரத்தில் ஒற்றை வரிசை. அண்ணை கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தால் மட்டும் உடனே அவருடைய பின்சில்லில் ஒட்டிக்கொள்ளுங்கள், அடுத்த நிமிடம் பாயப் போகிறார். இதைப் பெடியனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.